கரிக் கிடாரும் மஞ்சத் தண்ணியும்

எனக்குப் பயம் வந்தா அழுகை வராது, கோவம்தான் வரும். பஸ்சு வர லேட்டானா புருசன்கிட்ட எரிஞ்சு விழுவேன். பிள்ளைக்குக் காய்ச்சல்னா டாக்டர்கிட்டயே சண்டைக்கு நிப்பேன். எங்க வீட்டுல இது எல்லாருக்கும் தெரியும். நான் சத்தம் போட ஆரம்பிச்சா, எம் புருசன் பேப்பர மடிச்சு வச்சுட்டு, "என்ன, எதுக்குப் பயந்த?"ன்னுதான் கேப்பாரு. அதனால இதச் சொல்லும்போது நான் அங்கங்க கத்துற மாதிரி இருந்தா, அது கோவம் இல்லன்னு நீங்களே புரிஞ்சுக்கிருங்க.

எங்கிட்ட ஒரு கிடார் இருக்கு. மரக் கிடார் இல்ல, கார்பன் ஃபைபர்ல செஞ்சது. அதுக்கு முன்னாடி மரத்துல ஒண்ணு வச்சிருந்தேன். காந்திகிராமத்துல படிக்கும்போது விடுதியில கூட இருந்தவ எனக்கு வாசிக்கச் சொல்லிக் குடுத்தா. படிப்பு முடிஞ்சு போகும்போது அந்தக் கிடாரையும் எங்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டா. கல்யாணம் ஆகி, டவுன்ல ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலைக்குச் சேந்து, பிள்ள பெத்து, எல்லாத்துக்கும் நடுவுல அது என் கூடவே இருந்துச்சு. ஆனா திண்டுக்கல் வெயில் மனுசனையே காய வச்சுப் போடும், மரத்த மட்டும் சும்மா விடுமா? ஒரு சித்திரை மாசம் மத்தியானம் சாப்டுட்டு செத்த நேரம் கண் அசந்தேன். உள்ரூம்ல 'டப்'புன்னு ஒரு சத்தம். பல்பு வெடிச்சிருச்சுன்னு நெனச்சு ஓடுனேன். பாத்தா கிடாரு முகப்புப் பலகை மேல இருந்து கீழ வரைக்கும் வெடிச்சுக் கெடக்கு. பசை போட்டு ஒட்டிக் குடுத்தாங்க. அடுத்த கோடையில பக்கத்துலயே இன்னொரு வெடிப்பு வந்துருச்சு.

எந் தம்பி சிங்கப்பூர்ல வேல பாக்குறான். லீவுல வரும்போது இதத் தூக்கிக்கிட்டு வந்தான். "அக்கா, இது வெயிலுக்கும் அசையாது, மழைக்கும் அசையாது, நீ பாட்டுக்கு வாசி"ன்னான். பெட்டியத் தெறந்தா கறுப்புன்னா அம்புட்டுக் கறுப்பு. வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா உள்ள ஒரு பின்னல் தெரியும், நைலான் கட்டில் பின்னுன மாதிரி. பக்கத்து வீட்டுக்காரம்மா விரலால தட்டிப் பாத்துட்டு, "என்ன டீச்சர், பிளாஸ்டிக்கா?"ன்னு கேட்டாங்க. எம் புருசனோட தங்கச்சி, அதாவது என் நாத்தனா, ஊர்ல இருந்து வந்தவ, "என்ன மதினி, தோசக்கல்லுக்குக் கம்பி கட்டி வச்சிருக்கீக"ன்னு சிரிச்சா.

சிரிச்சாலும் சிரிக்கட்டும்னு விட்டுட்டேன். ஏன்னா அதோட சத்தம் எனக்குப் பிடிச்சுப் போச்சு. மரத்துல வாசிச்சா ஆரோ உள்ரூம்ல உக்காந்து பேசுற மாதிரி இருக்கும். இது நேரா எதுக்க நின்னு பேசுது. கழுத்துப் பக்கம் வழுவழுன்னு இருக்கும், வேர்வ பட்டாலும் ஒட்டாது. ஒரு தடவ கார்ல வச்சுட்டு மறந்து, வெயில்ல பாதி நாள் கெடந்துருக்கு. அய்யய்யோன்னு ஓடி எடுத்து வாசிச்சா, கம்பி ஒண்ணுகூடச் சுதி எறங்கல. எனக்கு சந்தோசம்தான். ஆனா உள்ளுக்குள்ள என்னமோ ஒரு மாதிரி இருந்துச்சு. எங்க ஊரு கோடைக்கு அசையாத ஒரு சாமான நான் அதுவரைக்கும் பாத்ததில்ல. நம்ம மடியில வச்சிருக்கோம், ஆனா அது என்னன்னு நமக்குத் தெரியலையேன்னு இருக்கும்.

அதுல ஒரே ஒரு எடம்தான் தேஞ்சுச்சு. அதுக்கும் நாந்தான் காரணம். வளையல் போட்ட கையோட வாசிப்பேன். முழங்கைக்குக் கீழ கை படுற விளிம்புல, வளையல் உரசி உரசி மேல இருந்த பளபளப்புப் பூச்சு போயி, சொரசொரன்னு ஆயிருச்சு. உள்ள இருந்த கறுப்பு இழை வெளிய தெரிஞ்சுச்சு.

அந்த எடத்துலதான் அது என்னைய முதல்ல கடிச்சுச்சு.

வீட்டுல ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி இருக்கு. கிடாருக்குப் பின்னாடி ஒயர் சொருகி, அதுல மாட்டி வாசிக்கலாம். ஒரு ஞாயித்துக்கெழம வீடு கழுவி விட்டுட்டு, தர ஈரம் காயிறதுக்குள்ள வெறுங்காலோட உக்காந்து ஒயர மாட்டுனேன். கைய வச்ச ஒடனே முழங்கையில சுர்ருன்னுச்சு. கம்பியத் தொட்டா விரல்லயும் சுர்ருங்குது. கிடாரத் தூக்கிப் போடாத குறைதான். புருசனக் கூப்புட்டுக் கத்துனேன். அவரு வந்து பாத்துட்டு, நேரா வீட்டுக்குப் பின்னாடி போனாரு. எர்த் குழி இருக்குல்ல, கரியும் உப்பும் போட்டுக் குழாய் எறக்கி வச்சிருப்பாங்களே, அதுல ஒரு குடம் தண்ணிய ஊத்துனாரு. "பங்குனி பொறந்தா குழி காஞ்சு போயிரும். காஞ்சா எர்த் நிக்காது. இனிமே கோடையில அப்பப்ப ஊத்தி விடு"ன்னாரு. திரும்ப மாட்டுனேன். ஒண்ணும் செய்யல.

சரிதான்னு விட்டிருக்கலாம். நான் விடுவேனா? தம்பிக்குப் போனப் போட்டேன். அவன் சிரிச்சுக்கிட்டே, "கார்பன்னா கரிதானக்கா. சின்னப் பிள்ளைல பழைய டார்ச் செல்ல ஒடச்சு உள்ள இருக்குற கறுப்புக் குச்சிய எடுப்போம்ல, அதே ஜாதி. கரண்டு அது வழியாப் போகத்தான் செய்யும். அதான் மேல பூச்சு போட்டிருக்கான், பயப்படாத"ன்னான். பூச்சு போன எடத்த நான் அவன்கிட்டச் சொல்லல. போன வச்சுட்டு அந்தச் சொரசொரப்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அன்னையில இருந்து என் பயம் பூராம் அந்தக் கிடாருக்குள்ள போயி உக்காந்துக்கிருச்சு. ஒயர் மாட்டுறதுக்கு முன்னாடி எர்த் குழிக்குத் தண்ணி. மாட்டுன பிறகு பொறங்கையால ஒரு தொடு. அப்புறம்தான் மடியில எடுப்பேன். எம் புருசன், "பாம்பத் தொடுற மாதிரி தொடுற, அதுக்கு ஏன் வாசிக்கிற?"ன்னு கேலி பண்ணுவாரு. வாசிக்காம எப்படி இருக்குறது? பிள்ள பாடணும்ல.

எம் பொண்ணப் பத்திச் சொல்லணும். இப்ப ப்ளஸ் ஒன் படிக்கிறா. நல்ல குரல் அவளுக்கு, எங்க ரெண்டு பேரு பக்கத்துலயும் இல்லாத குரல். ஆறாவது படிக்கிறப்ப பள்ளிக்கூட ஆண்டு விழாவுல பாட விட்டோம். ரெண்டாவது வரியில மறந்து போச்சு. நின்னா, நின்னா, நின்னுக்கிட்டே இருந்தா. கீழ பிள்ளைங்க சிரிச்சிருச்சுக. அதுக்குப் பிறகு வீட்டுக்கு வெளிய அவ வாயத் தெறந்து பாடுனதே இல்ல. வீட்டுல பாடுவா, அதுவும் ஒரே ஒரு விதத்துலதான். நான் கிடார் வாசிப்பேன், அவ பக்கத்துல நின்னு கிடாரு மேல உள்ளங்கைய வச்சுக்கிருவா. சரியா அந்தப் பூச்சு போன எடத்துல, என் முழங்கைக்குப் பக்கத்துலயே. "சொரசொரன்னு இருக்குறது பிடிச்சிருக்கும்மா. கைய வச்சா அடுத்த வரி கையில வந்துருது"ம்பா. வீட்டுல ஒயர் இல்லாம வாசிக்கையிலதான் இதெல்லாம். ஒயர் மாட்டுனா நான் அவளக் கிட்டவே விட மாட்டேன்.

போன வைகாசியில நாத்தனா போன் பண்ணுனா. சாணார்பட்டிக்கு அங்கிட்டு உள்ள ஒரு ஊருதான் எம் புருசனோட சொந்த ஊரு. அங்க அம்மன் கோயில் திருவிழா. கடைசி நாளு மஞ்ச நீராட்டு. வெளியூரு ஆர்கெஸ்ட்ரா வேணாம், நம்ம வீட்டுப் பிள்ளைகளையே மேடை ஏத்துவோம்னு ஊருல பேசி முடிவு பண்ணிட்டாங்களாம். "எம் மருமகளப் பாடச் சொல்லுங்க மதினி, நீங்க தோசக்கல்ல வாசிங்க"ன்னா. நான் எப்படி மறுக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன், பக்கத்துல நின்ன எம் பொண்ணு போன வாங்கி, "பாடுறேன் அத்தை"ன்னு சொல்லிப்புட்டா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அத்தன வருசமாப் பூட்டி வச்சிருந்த பிள்ள தானா வாயத் தெறந்து சொல்லுது. இதக் கெடுத்துட்டா இன்னொரு தடவ தெறக்க மாட்டா. அவ மேடை ஏறணும், முழுசாப் பாடணும், நல்லபடியா எறங்கணும். எனக்கு அம்புட்டுத்தான் வேணும்.

அன்னைக்கு மத்தியானமே போயிட்டோம். ஊரு எல்லையிலயே செருப்பக் கழட்டிட்டோம். காப்புக் கட்டியாச்சுன்னா, காப்பு அவுக்குற வரைக்கும் கோயிலச் சுத்தி ஆரும் செருப்புப் போட மாட்டாங்க. மேடைக்கும் அதே சட்டம்தான். கோயிலுக்கு எதுக்க சிமெண்டு மேடை, மேல தகரக் கொட்டகை. மைக்செட்காரர் ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயர் பெட்டிய ஓரமா வச்சிருந்தாரு. அதுல ஒரு ஒயர் மைக்குக்கு, இன்னொரு ஒயர் என் கிடாருக்கு. இரும்பு மைக்கு, பழசு, தூக்குனா கனக்கும்.

நான் போனதும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, எர்த் இருக்கா?"

"கோயில் மீட்டர் பெட்டிக்கு எர்த் போட்டிருக்கு டீச்சர். ஏன் கேக்குறீங்க?"

ஏன் கேக்குறேன்னு அவருக்கு எப்படிச் சொல்றது? கோயிலுக்குப் பின்னாடி போயி குழியத் தேடிப் பிடிச்சேன். காஞ்சு பாளம் பாளமாக் கெடக்கு, உள்ள மிட்டாய்க் காகிதமும் வாழச் சருகும். குழாயடியில ஒரு குடத்த வாங்கி நெறச்சுக் கொண்டாந்து ஊத்துனேன். ஊத்த ஊத்தக் குடிச்சுக்கிட்டே இருந்துச்சு மண்ணு. தண்ணி பிடிக்க நின்ன பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தரு பாத்துச் சிரிக்கிறாங்க. "டீச்சரு என்ன, மாட்டுக்குக் காட்டுற மாதிரி கரண்டுக்குத் தண்ணி காட்டுறாக?"ன்னு ஒரு அம்மா கேட்டுச்சு. சிரிங்கத்தா, நல்லாச் சிரிங்கன்னு மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டே இன்னொரு குடம் ஊத்துனேன்.

வந்து ஒயர மாட்டி, பொறங்கையால தொட்டேன். ஒண்ணும் இல்ல. கம்பியத் தொட்டேன். ஒண்ணும் இல்ல. விளிம்புல அந்தச் சொரசொரப்புல முழங்கைய வச்சு அழுத்துனேன். சமத்தா இருந்துச்சு. அப்பத்தான் எனக்கு மூச்சே சீரா வந்துச்சு. எம் பொண்ணு மைக்கப் பிடிச்சு ரெண்டு வரி பாடிப் பாத்தா. குரலு உள்ளயே நிக்குது, வெளிய வரல. மைக்செட்காரர் கைய ஆட்டி, கேக்கலைன்னாரு. நாந்தான் அவகிட்டச் சொன்னேன், "பாப்பா, மைக்க ஒதட்டோட ஒட்டி வச்சுக்க. எடுக்காத."

நான் ஒண்ண மறந்துட்டேன். நாங்க தொட்டுப் பாத்தப்ப தர காஞ்சு கெடந்துச்சு.

வெயில் தாழத் தாழ மஞ்சத் தண்ணி ஆரம்பிச்சிருச்சு. மாமன் மச்சான், அத்தை, கொழுந்தியான்னு மொறை உள்ளவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் வாளி வாளியா ஊத்துறாங்க. தெரு பூராம் மஞ்ச. நாய் ஒண்ணு மஞ்சக் கலர்ல ஓடுது. எம் புருசனுக்கு அவரு அக்கா வீட்டு ஆளுக ஊத்துன ஊத்துல சட்ட ஒடம்போட ஒட்டிருச்சு. அவரு சின்னப் பிள்ள மாதிரி சிரிச்சுக்கிட்டு நிக்குறாரு. நான் மேடை மேல நின்னு ஒவ்வொரு வாளியா எண்ணாத குறையாப் பாத்துக்கிட்டு இருக்கேன். இங்கிட்டு வந்துறாதீகடான்னு நெஞ்சு அடிச்சுக்குது.

எம் பொண்ணு பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. அவ மேடை ஏறி நடுவுல வந்து நின்னா. பாவாட நுனி நடுங்குறது எனக்குத் தெரியுது. நான் கிடார எடுத்து மாட்டிக்கிட்டு முதல் வாசிப்பு வாசிக்கிறேன், அப்பப் பாத்து எந் நாத்தனா பித்தளச் செம்போட மேடை ஏறி வாரா. மொகம் பூராம் சந்தோசம். "எம் மருமக முதல் தடவ நம்ம அம்மன் முன்னாடி பாடுறா, அத்தை சும்மா விட்டுருவேனா?"ன்னு மைக்குக்குக் கேக்குற மாதிரி சொல்லிட்டு, அவ ரெண்டு காலுலயும் மஞ்சத் தண்ணிய ஊத்துனா. மிச்சத்த எங்கிட்டத் திரும்பி எங் காலுல ஊத்துனா. சனம் கைதட்டுது.

ஊத்தி முடிக்கல, முழங்கையில சுர்ருன்னுச்சு.

கம்பி மேல இருந்த விரல் துடிக்குது. ரோமம் குத்திட்டு நிக்குது. குழிக்கு ஊத்துன தண்ணியெல்லாம் எங்க போச்சு? நிப்பாட்டுங்கன்னு கத்தலாம். கத்துனா என்ன ஆகும்? எல்லாரும் அவளப் பாப்பாங்க. ஆறாம் வகுப்புல நின்ன மாதிரியே நிப்பா. நான் மைக்செட்காரரப் பாக்குறேன், அவரு யாருகூடவோ பேசிக்கிட்டு இருக்காரு. புருசனப் பாக்குறேன், அவரு கண்ணுல மஞ்சத் தண்ணி, தொடச்சுக்கிட்டு இருக்காரு. அதுக்குள்ள அவ பாட ஆரம்பிச்சுட்டா.

முதல் வரி வந்துச்சு. சுத்தமா வந்துச்சு. பாடிக்கிட்டே வழக்கம் போல எங்கிட்ட ஒரு எட்டு வந்து, கிடார் மேல வைக்கக் கைய நீட்டுனா.

நான் பின்னால போயிட்டேன்.

என்னமோ நான் அவளத் தள்ளி விட்ட மாதிரி பாத்தா. கை அந்தரத்துல நிக்குது. இன்னொரு எட்டு வந்தா. நான் இன்னொரு எட்டு பின்னால போனேன். ரெண்டாவது வரி பாதியில இழுக்க ஆரம்பிச்சுச்சு, குரல் கம்முது. அவ கண்ணு என்னையவே கேக்குது, ஏம்மான்னு. நான் வாயத் தெறந்தா மைக்குல கேக்கும். வாசிப்ப விட்டா அதோட முடிஞ்சு போகும். கைய வைக்க விட்டா, இந்தக் கரிக்குள்ள ஓடுற கரண்டு அவளுக்குள்ள போகும்.

அப்ப என் கை தானாப் போயி, கிடாருக்குப் பின்னாடி சொருகியிருந்த ஒயரப் பிடுங்கிருச்சு. ஸ்பீக்கர்ல 'டொப்'புன்னு ஒரு சத்தம், அதுக்கப்புறம் கிடார் செத்துப் போச்சு. ஒயரக் காலால தள்ளி விட்டேன். கிடார அவ பக்கம் நீட்டுனேன். வையி பாப்பா, வச்சுக்கன்னு கண்ணால சொன்னேன்.

வச்சா. அதே எடத்துல, உள்ளங்கை அமுங்க வச்சா. ஒடம்பு ஒரு தடவ வெடவெடன்னுச்சு, அப்புறம் நின்னுச்சு. குரல் எந்திரிச்சுச்சு. ரெண்டாவது வரிய முழுசாப் பாடி, மூணாவதுக்குப் போயி, அப்படியே சரணத்துக்குள்ள போயிட்டா. நான் வாசிக்கிறது சனத்துக்குக் கேக்கல. எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் கேக்குது. கை நடுங்க நடுங்க வாசிச்சேன். முழங்கையில இன்னும் சுருக்கு சுருக்குன்னு இருந்துச்சு. பயந்த ஒடம்பு, நடுக்கம் போகலன்னு நெனச்சுக்கிட்டேன். அவ கடைசி வரியப் பாடி முடிச்சு, மைக்கக் கீழ எறக்குனா. அந்தக் கைதட்டலக் கேட்டு எனக்கு அழுகை வந்துருச்சு. பயத்துக்கு வராத அழுகை அதுக்கு வந்துச்சு.

எறங்குனதும் நாத்தனா ஓடி வந்து அவளக் கட்டிப் பிடிச்சு, "என்ன மதினி, தோசக்கல்லு சத்தமே கேக்கல. மருமக குரலு மட்டும்தேன் கேட்டுச்சு"ன்னா. நான் நேரா மைக்செட்காரர்கிட்டப் போனேன். போட்டேன் பாருங்க ஒரு சத்தம். பள்ளிக்கூடத்துலகூட அப்படிக் கத்துனதில்ல. எம் புருசன் ஈரச் சட்டையோட ஓடி வந்து, "என்ன, எதுக்குப் பயந்த?"ன்னாரு.

மைக்செட்காரர் டெஸ்டர எடுத்து என் ஒயரு நுனியில வச்சாரு. உள்ள மினுக்குன்னு எரிஞ்சுச்சு. "லேசா லீக்கு இருக்கு டீச்சர், ஒண்ணும் செஞ்சிருக்காது"ன்னாரு. பெட்டியோட பிளக்கக் காட்டச் சொன்னேன். மூணு முள்ளு இருக்க வேண்டிய எடத்துல ரெண்டுதான் இருக்கு. எர்த் முள்ள ஒடிச்சு எடுத்திருக்காரு. "ஊருப் பக்கம் பாதி போர்டுல ரெண்டு ஓட்டதான் இருக்கு டீச்சர், மூணு முள்ளு எறங்காது. எல்லாரும் இப்படித்தான் ஓட்டுறோம்"ன்னாரு. நான் குடம் குடமா ஊத்துன குழிக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. என் வாயில வந்ததையெல்லாம் சொல்லித் தீத்தேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி இருந்துச்சு, பெருமைன்னும் சொல்லலாம். நான் பயந்தது சரியாப் போச்சு, நேரத்துக்குப் பிடுங்கிட்டேன், எம் பிள்ளையக் காப்பாத்திட்டேன்னு. கிடாரப் பெட்டிக்குள்ள வச்சு மூடுறப்ப, உன்னைய ஜெயிச்சுட்டேன்டின்னு அதுகிட்டயே சொன்னேன்.

கார்ல திரும்பி வாரோம். எம் புருசன் ஓட்டுறாரு. நானும் அவளும் பின்னாடி உக்காந்திருக்கோம், கிடாரு எங்க ரெண்டு பேரு மடியிலயும் குறுக்க கெடக்கு. அவ சன்னல் பக்கம் பாத்துக்கிட்டே நாக்கால ஒதட்டத் தடவித் தடவிப் பாக்குறா.

"என்ன பாப்பா, ஒதடு காஞ்சு போச்சா?"

"இல்லம்மா. மைக்கு கடிச்சுச்சு."

எனக்குப் புரியல. "எப்ப?"

"அத்தை காலுல தண்ணி ஊத்துனதுல இருந்து. சுருக்கு சுருக்குன்னு. நீ ஒட்டி வச்சுக்கச் சொன்னேல்ல, அதான் எடுக்கல."

கார் ஓடுது. நான் அவளையே பாத்துக்கிட்டு இருக்கேன். ரெண்டு ஒயரும் ஒரே பெட்டியில இருந்துதான் வந்துச்சு. என் கண்ணு முன்னாடிதான் வந்துச்சு. நான் பிடுங்குனது என் ஒயர. அவ ஒயரு அவ கையிலயே இருந்திருக்கு, ஒதட்டுல ஒட்டிக்கிட்டு. கறுப்பா இருக்குறதையே பாத்துப் பாத்து, இரும்பா இருந்தத நான் பாக்கவே இல்ல.

"ஏன் பாப்பா அப்பவே சொல்லல?"ன்னு கேட்டேன். கோவமாக் கேக்கல. அதுக்குக்கூடச் சத்து இல்ல எங்கிட்ட.

"சொன்னா நீ நிப்பாட்டிருவ." உள்ளங்கையப் பாத்துக்கிட்டா. "நீ கிடார நீட்டுன பாரு, அப்ப கைய வச்சதும் ரொம்பக் கடிச்சுச்சும்மா. கையில இருந்து தோள் வரைக்கும் வந்துச்சு. ஆனா எடுத்தா வரி மறந்துரும்னு வச்சுக்கிட்டேன்."

எம் புருசன் கார ஓரமா நிப்பாட்டிட்டாரு. அவ உள்ளங்கையத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஒரு அடையாளமும் இல்ல, மஞ்சக் கற மட்டும்தான் இருந்துச்சு. ஒயரப் பிடுங்குன பிறகும் என் முழங்கையில சுருக்கு சுருக்குன்னு இருந்துச்சே, நடுக்கம்னு நெனச்சேனே. அது நடுக்கம் இல்ல. மைக்குல இருந்து அவ ஒதட்டுக்கு வந்து, அவ தோளு வழியா உள்ளங்கைக்கு வந்து, அந்தக் கரி வழியா என் கைக்கு வந்து, என் ஈரக் காலு வழியா எறங்குன கரண்டு. மரக் கிடாரா இருந்திருந்தா அதுக்கு அந்த வழியே கெடச்சிருக்காது. வையி பாப்பான்னு நாந்தான் நீட்டுனேன்.

ஒண்ணும் ஆகலைல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. நாத்தனா சொல்றா, எம் புருசன் சொல்றாரு, டாக்டரும் பாத்துட்டு அதத்தான் சொன்னாரு. ஒண்ணும் ஆகலதான். ஏன் ஆகலன்னு ஆராலயும் சொல்ல முடியல, எனக்கு அதுதான் பயமா இருக்கு.

அடுத்த வைகாசிக்கும் பாடக் கூப்புட்டிருக்காங்க. பாடுறேன்னு அவ சொல்லிட்டா. இப்ப வீட்டுல ஒயரே மாட்டுறதில்ல. சாயங்காலமானா கிடார மடியில வைப்பேன், அவ வந்து பக்கத்துல நின்னு அதே எடத்துல கைய வைப்பா, பாடுவா. முன்ன விட நல்லாப் பாடுறா. நான் பாட்டக் கேக்குறதில்ல. என் முழங்கையையே கவனிச்சுக்கிட்டு வாசிக்கிறேன்.